உருகிய துளியின் வரலாறு

உலோகத்திற்குப் பகைவர் பலர். ஈரக் காற்று அதனைத் துருவாக்கி உண்கிறது, உராய்வு தேய்க்கிறது, நெருப்பு இளக்குகிறது. ஆகவே, உலோகத்திற்கு வடிவம் கொடுக்கும் கலை எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வடிவத்திற்குக் கவசம் பூட்டும் கலையும் அவ்வளவு இன்றியமையாதது. வடிவம் கொடுக்கும் கலை இன்று முப்பரிமாண அச்சு என்னும் புதிய நிலையை எய்தியுள்ளது. ஆயினும், அம்முறையிற் பிறக்கும் பொருளும் கவசம் வேண்டியே நிற்கின்றது. அக்கவசத்தின் வரலாறோ ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது.

சுவிற்சர்லாந்திலே 1870ஆம் ஆண்டிற் பிறந்தவர் மாக்ஸ் உல்ரிக் சூப். சிறுவர்கள் விளையாட்டுத் துப்பாக்கியாற் சுட்ட ஈயக் குண்டுகள் தோட்டத்துச் சுவரில் மோதித் தட்டையாகி ஒட்டிக்கொண்டதைக் கண்டபோதே அவருள்ளத்தில் அந்த எண்ணம் உதித்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1912ஆம் ஆண்டளவில் அவர் அமைத்த கருவி வரலாற்று உண்மையாகும். கைத்துப்பாக்கி போன்ற அக்கருவியினுள் உலோகக் கம்பியொன்று மெல்ல மெல்லச் செலுத்தப்படும். வாயுச் சுவாலை கம்பியின் நுனியை உருக்கும். அழுத்தப்பட்ட காற்று, உருகியதை நுண்ணிய துளிகளாக்கி முன்னே வீசும். ஒவ்வொரு துளியும் எதிரேயுள்ள பரப்பில் மோதி, தோசைக்கல்லில் வார்த்த மாவைப்போலப் பரந்து, கணப்பொழுதில் இறுகும். அதன்மேல் இன்னொரு துளி, அதன்மேல் மற்றொன்று. துளிகள் சிறியவையாதலின் அடியிலுள்ள பொருள் அதிகம் சூடேறுவதில்லை. மரத்தின்மீதும் தாளின்மீதுங்கூட இவ்வாறு உலோகம் பூசலாம்.

இதன் பெரும்பயனைப் பாலங்கள் கண்டன. ஸ்கொத்லாந்திலே போர்த் ஆற்றின் முகத்துவாரத்தில் 1890இல் திறக்கப்பட்ட புகையிரதப் பாலத்திற்கு வர்ணப் பூச்சே காவலாயிருந்தது. முடிவில்லாத வேலைக்கு அப்பாலத்திற்கு வர்ணம் பூசுவதையே ஆங்கிலேயர் உவமை கூறுவர். அதன் அருகே 1964இல் திறக்கப்பட்ட வீதிப் பாலத்தின் உருக்குப் பகுதிகளுக்கோ முதலில் நாகம் வீசிப் பூசப்பட்டு, அதன்மேலேயே வர்ணம் இடப்பட்டது. நாகம் உருக்கினும் எளிதில் அரிப்புக்கு உள்ளாவது. ஆகவே அது தானே அரிக்கப்பட்டுத் தன் கீழுள்ள உருக்கைக் காக்கிறது.

துருவினும் கொடிய பகை நெருப்பு. வாயுச் சுழலியின் அலகுகளைத் தழுவிச் செல்லும் வாயு, அவ்வலகுகள் ஆக்கப்பட்ட உலோகத்தையே உருக்கவல்ல வெப்பமுடையது. அதனைத் தாங்கும் சிர்க்கோனியா போன்ற மட்பொருள்களை உருக்குவதற்குச் சாதாரணச் சுவாலையினும் மிக்க வெப்பம் வேண்டும். 1950களின் இறுதியிற் பயனுக்கு வந்த பிளாஸ்மாச் சுவாலை அக்குறையை நீக்கிற்று. மின்வில்லினால் வாயுவைப் பத்தாயிரம் பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேற்றுவதே அதன் தத்துவம். ஒரு மில்லிமீற்றரிலும் மெல்லிய சிர்க்கோனியாப் படை, உட்புறத்திற் செல்லும் குளிர்காற்றின் துணையுடன், உலோகத்தின் வெப்பத்தைப் பெரிதுந் தணிக்கிறது.

இந்நிலையிலேயே முப்பரிமாண அச்சு வந்து சேர்ந்தது. உலோகத் தூளை மெல்லிய படையாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மாத்திரம் லேசர்க் கதிரால் உருக்கி, அதன்மேல் மீண்டும் தூள் பரப்பும் முறை, ஜேர்மனியின் ஆகன் நகர ஆய்வாளர்களால் 1990களின் நடுவில் உருவாக்கப்பட்டது. 2017இல் சீமென்ஸ் நிறுவனம் இம்முறையில் ஆக்கிய சுழலி அலகுகளை, நிமிடத்திற்கு 13,000 சுழற்சி வேகத்திலும் 1,250 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் இயக்கிச் சோதித்து வெற்றி கண்டது.

சூப் கண்ட தத்துவம் இங்கேயும் மறைந்து நிற்கிறது. அச்சுக்கு வேண்டிய தூளிற் பெரும்பகுதி, உருகிய உலோகத் தாரையை வாயுவின் விசையால் துளிகளாக உடைத்தே பெறப்படுகின்றது. ஆயினும் இரண்டு கலைகளின் இணைப்பு எளிதன்று. வீசப்பட்ட துளி பெரும்பாலும் பரப்பின் மேடுபள்ளங்களைப் பற்றிக்கொண்டே நிற்கிறது. அதற்காகவே பூசுமுன் பரப்பைக் கடுந்துகள் வீசிச் சொரசொரப்பாக்குவர். அச்சிட்ட பொருளோ இயல்பாகவே சொரசொரப்பானது. இது நன்மைபோலத் தோன்றும். ஆனால் அச்சொரசொரப்பின் ஒரு பகுதி, அரைகுறையாக உருகி ஒட்டிய துகள்களே. துகள் கழன்றால், அதன்மேற் படிந்த கவசமும் கழன்றுவிடும். ஆகவே அவற்றை நீக்கிப் பரப்பைப் பண்படுத்துதல் அவசியமாகிறது.

இதனினும் பெரிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. அச்சுமுறையின் தனிப்பெருமை, பொருளின் உள்ளே வளைந்து நெளிந்து செல்லும் குளிர்வழிகளை அமைக்கவல்லமையாகும். வீசப்படும் துளியோ நேர்கோட்டிற் செல்வது. வளைவினுள் அதனாற் புக முடியாது. புதிய கலை மிகச் சிறப்புறும் இடத்தையே பழைய கலையால் எட்ட முடிவதில்லை. எனவே, எங்கே கவசம் சேரும், எங்கே சேராது என்பதை, பொருளை வரையும்போதே பொறியியலாளர் சிந்தித்தல் வேண்டும்.

மறுபுறத்தில், இவ்விரு கலைகளையும் பிரித்த எல்லையும் மங்கி வருகிறது. 1980களில் நொவோசிபிர்ஸ்க் நகரில், மீயொலிவேகக் காற்றில் துகள்களின் போக்கை ஆராய்ந்த விஞ்ஞானிகள், உருகாத துகளும் போதிய வேகத்துடன் மோதினால் ஒட்டிக்கொள்வதைக் கண்டனர். அத்தகைய குளிர்வீச்சினால் இன்று பூச்சு இடப்படுவதோடு, தேய்ந்த பாகங்கள் மீண்டும் வளர்க்கப்படுகின்றன, முழுப்பொருள்களுங்கூட ஆக்கப்படுகின்றன. கவசம் பூட்டப் பிறந்த கலை வடிவம் கொடுக்கவும் கற்றுக்கொண்டது. சுவரில் ஒட்டிய ஈயக் குண்டு போலவே, இங்கும் முதலில் வேண்டியிருந்தது எதிர்பாராததைக் கூர்ந்து நோக்கும் கண் ஒன்றே.