அந்த  குறி எங்கிருந்து வந்தது? மார்க்டவுனின் 20 வருடக் கதை

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

ஏஐ கிட்ட ஒரு சந்தேகம் கேட்டு, வந்த பதிலை அப்படியே காப்பி பண்ணி குரூப்ல போடுறோம். அதுல அங்கங்கே  என்று நட்சத்திரம் நிற்கும். சில வரிகளுக்கு முன்னால் ## இருக்கும். பார்த்திருப்பீங்க.

அது எழுத்துப்பிழை இல்லை. அதன் பெயர் மார்க்டவுன்.

இரண்டிரண்டு நட்சத்திரத்துக்கு நடுவில் இருப்பது தடித்த எழுத்து. # போட்டால் தலைப்பு. வரியின் தொடக்கத்தில் - போட்டால் பட்டியல். அவ்வளவுதான்.

ஆனால் பிரவுசருக்கு இது புரியாது. அதுக்குப் புரியுற மொழி எச்டிஎம்எல். அதனால இதைப் படித்து அதுவாக மாற்றித்தர ஒரு நிரல் வேணும். அதுதான் பார்சர்.

"குறியை மாத்துற வேலைதானே, இதுல என்ன வரலாறு இருக்கு?"

இருக்கு. சொல்றேன்.

2004 மார்ச். அமெரிக்காவில் டேரிங் ஃபயர்பால் என்ற வலைப்பதிவை எழுதி வந்த ஜான் க்ரூபர் மார்க்டவுனை அறிமுகம் செய்கிறார். எச்டிஎம்எல் குறிகளைக் கையால் தட்டித் தட்டி எழுதுவது பெரிய அலுப்பு. ஆனால் ஈமெயிலில் மக்கள் ஏற்கனவே ஒரு வழி வைத்திருந்தார்கள். அழுத்திச் சொல்ல *இப்படி* எழுதுவது, மேற்கோளுக்கு முன்னால் > போடுவது. அதையே அவர் ஒரு முறையாக்கினார்.

அவருக்கு ஆலோசனை சொன்னவர் ஆரோன் ஸ்வார்ட்ஸ். அப்போது வயது 17. # போட்டுத் தலைப்பு எழுதும் வழக்கம், ஸ்வார்ட்ஸ் 2002-ல் உருவாக்கிய ஏடிஎக்ஸ் என்ற எழுத்து முறையில் இருந்து வந்தது. 2013 ஜனவரியில், 26 வயதில் அவர் காலமானார்.

க்ரூபரின் கொள்கை ஒன்றுதான். மாற்றாமல் அப்படியே படித்தாலும் கண்ணுக்கு இதமா இருக்கணும்.

கூடவே பெர்ல் மொழியில் ஒரு நிரலும் கொடுத்தார். ஒரு குறியைத் தேடு, எடு, வேறு ஒன்றைப் போடு. அடுத்த குறியைத் தேடு. இப்படி வரிசையாகப் போகும். 2004 டிசம்பரில் 1.0.1 பதிப்பு வந்தது.

எழுதுறவங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சிக்கல் ஓரங்களில் இருந்தது.

ஒரு பத்தியை "1947. சுதந்திரம் கிடைத்த ஆண்டு" என்று தொடங்குறீங்கன்னு வைங்க. எண், புள்ளி, இடைவெளி. பார்சர் இதைப் பட்டியல் என்று நினைக்கும். அந்த நிரல் பட்டியல் எண்ணை எப்பவும் 1-ல் இருந்துதான் தொடங்கும். திரையில் வருவது: "1. சுதந்திரம் கிடைத்த ஆண்டு". 1947 காணாமல் போச்சு! (புள்ளிக்கு முன்னால் ஒரு \ போடுங்க என்று க்ரூபரே எழுதி வைத்திருந்தார்.)

இன்னொன்று. "ஸ்கேன்_ரிப்போர்ட்_கடைசி" என்று ஒரு ஃபைல் பெயர். நடுவில் உள்ள வார்த்தை சாய்ந்த எழுத்தாகிவிடும், இரண்டு அடிக்கோடும் மறைந்துவிடும். இப்போ ஃபைல் பெயரே தப்பு.

பட்டியலுக்குள் பட்டியல் போட இரண்டு இடைவெளி விடணுமா, நாலா? க்ரூபரின் விளக்கத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

விளைவு? பிஎச்பி, பைத்தான், ரூபி, ஜாவாஸ்கிரிப்ட், சி என்று ஒவ்வொரு மொழிக்காரரும் ஒரு பார்சர் எழுதினார்கள். ஒவ்வொருவரும் தனக்குச் சரி என்று பட்டபடி பழுது பார்த்தார்கள். ஒரே எழுத்து, தளத்துக்குத் தளம் வேறு வேறு தோற்றம். பிஎச்பி பார்சரை எழுதிய மிஷெல் ஃபோர்டின், பல பார்சர்களின் விடையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட பேபல்மார்க் என்று ஒரு கருவியே செய்தார்.

இங்கேதான் ஒரு டாக்டரா எனக்கு இந்தக் கதை சுவாரசியமாகுது.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பாருங்க. உங்க அளவுக்குப் பக்கத்தில் நார்மல் அளவு என்று ஒன்று அச்சடித்திருக்கும். அது இல்லைன்னா உங்க எண் வெறும் எண்தான். நார்மல் எதுன்னு தெரியாம, இது நோய்னு எப்படிச் சொல்றது?

மார்க்டவுன் பார்சர்களுக்கு அந்த "பக்கத்து எண்" இல்லை. ஒருவர் "இது கோளாறு" என்பார். மற்றவர் "இல்லை, இப்படித்தான் வரணும்" என்பார். இருவரும் சத்தியமாப் பேசுவார்கள். தீர்ப்பு சொல்ல ஆளில்லை.

இது வெறும் அழகுப் பிரச்சனையும் இல்லை. வெளியாள் எழுதும் கமெண்ட்டை எச்டிஎம்எல்லாக மாற்றும் இடத்தில் ஓட்டை இருந்தால், கமெண்ட்டுக்குள் நிரலை ஒளித்து வைக்கலாம். 2009 செப்டம்பரில் ரெடிட் தளத்தில் இதுதான் நடந்தது. மார்க்டவுனைக் கையாண்ட இடத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு வார்ம் கமெண்ட்டுக்குக் கமெண்ட் பரவியது.

சரி, மருந்து என்ன?

2014 செப்டம்பரில் ஒரு குழு வெளியே வந்தது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனர்களில் ஒருவரான ஜெஃப் அட்வுட், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன், கிட்ஹப், ரெடிட் ஆட்கள் சிலர். (மெக்ஃபார்லேன் 2006-லேயே பேன்டாக் என்ற பெயர்பெற்ற கருவியை எழுதியவர்.)

அவர்கள் முதலில் எழுதியது விதி. இப்படி எழுதினால் இப்படித்தான் வரணும் என்று உதாரணம், உதாரணமாக. இன்று அப்படி 600-க்கு மேல் இருக்கு. எழுத்தை அழுத்திக் காட்டும் நட்சத்திரம், அடிக்கோட்டுக்கு மட்டும் 17 விதிகள்! அந்த உதாரணங்களே பரீட்சையும் கூட. உங்க பார்சரை அதன் மேல் ஓட்டினால் எது பாஸ், எது ஃபெயில் என்று உடனே தெரிந்துவிடும்.

வேலை செய்யும் முறையும் மாறியது. முதல் சுற்றில் பத்தி, தலைப்பு, பட்டியல் என்று பெரிய அமைப்பை மட்டும் பிரிப்பது. இரண்டாம் சுற்றில்தான் உள்ளே இருக்கும் நட்சத்திரங்களைத் தொடுவது. விபத்து கேஸ் வந்தால் முதலில் மூச்சு, ரத்த ஓட்டம் பார்த்துவிட்டுப் பிறகுதானே விரல் எலும்பைப் பார்ப்போம்? அதே மாதிரி.

ஒரு சண்டையும் வந்தது. "ஸ்டாண்டர்ட் மார்க்டவுன்" என்று பெயர் வைத்தார்கள். க்ரூபர் ஒத்துக்கொள்ளவில்லை. அட்வுட் மன்னிப்புக் கேட்டார். சில நாட்களில் பெயர் காமன்மார்க் ஆனது.

க்ரூபர் பக்கமும் நியாயம் இருக்கு. அது அவர் வைத்த பெயர். ஒவ்வொரு தளத்துக்கும் தேவை வேறு, ஒரே விதி எல்லாருக்கும் பொருந்தாது என்பது அவர் நிலைப்பாடு. இலவசமாகக் கொடுத்தவரிடம் "ஏன் இன்னும் சரி பண்ணலை" என்று வருடக்கணக்கில் கேட்பதும் எளிதுதானே.

2017-ல் கிட்ஹப் தன் மார்க்டவுனை காமன்மார்க் மேல் கட்டி விதிகளை வெளியிட்டது. காமன்மார்க் விதிநூல் 2024-லும் 0.31 பதிப்பில்தான் இருந்தது. 1.0 என்று சொல்ல இன்னும் மனசு வரலை போல.

கடைசியா நம்ம தமிழுக்கு வருவோம்.

‘அம்மா’வுக்கு என்று எழுதிப் பாருங்க. காமன்மார்க் விதிப்படி இது தடித்த எழுத்தாகாது. மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் மேற்கோள் குறி இருந்தால், பின்னால் இடைவெளியோ நிறுத்தக்குறியோ வரணும். நமக்கோ வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டு வரும். அதனால நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும். உருபையும் உள்ளே சேர்த்து ‘அம்மா’வுக்கு என்று எழுதினால் சரியாக வரும்.

சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளில் எழுதுபவர்களுக்கும் இதே தொல்லை. ஆனால் அவர்களால் இப்போது இன்ன விதியில், இன்ன இடத்தில் தப்பு என்று விரல் வைத்துக் காட்டி வாதாட முடிகிறது. 2004-ல் அதற்கு வழியே இல்லை.

எழுதி வைத்த விதி தப்பாகவும் இருக்கலாம். எழுதி வைத்ததால்தான் அது தப்பு என்று நமக்குத் தெரியுது.