சிறையிருப்பின் தீர்க்கதரிசிகளும் யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே விவிலியம் தமிழான சரித்திரத்தைப் படிக்கப் புகுவோர், சைவ சமயத்தின் காவலரெனப் பின்னாளிற் போற்றப்பட்ட நல்லூர் ஆறுமுக நாவலரின் பெயரை அதன் நடுவிலே காண்பர். 1822-இல் பிறந்த அவர், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே, அதாவது இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என வழங்கும் ஸ்தாபனத்திலே, முதலில் மாணவராகவும் பின்னர் ஆசிரியராகவும் இருந்து, பாதிரியார் மேற்கொண்ட மொழிபெயர்ப்பின் தமிழ் வசனத்தைச் செப்பஞ் செய்துகொடுத்தார். அந்நூல் 1850-இல் சென்னையிலே அச்சேறியது. அதற்கு முன்னரே, 1848-இல், அவர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை ஸ்தாபித்துத் தம் வழியே சென்றுவிட்டார். தமிழகத்து மிஷன்கள் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பை ஏற்றுக்கொள்ளாமையால், 1871-இல் வெளிவந்த பவர் பாதிரியார் குழுவின் மொழிபெயர்ப்பே பின்னர் எங்கும் நிலைபெற்றது. ஆயினும், நாடிழந்த ஒரு ஜனத்துக்கு ஆறுதல் உரைத்த எபிரேயத் தீர்க்கதரிசிகளின் வாக்குகள் தமிழ் பெறுவதற்கு இம்மண்ணிலே ஒரு சைவ வித்துவானின் உழைப்பும் செலவாயிற்று என்பது மறக்கத்தக்க செய்தியன்று.

அந்த வாக்குகள் பிறந்த காலம் கொடியது. கி.மு. 597-இலும், மீண்டும் 587-ஆம் ஆண்டளவிலும், பாபிலோனிய அரசனாகிய நேபுகாத்நேச்சாரின் சேனை எருசலேமை வென்று, இரண்டாம் முறை ஆலயத்தையும் எரித்து, அரசகுலத்தாரையும் ஆசாரியரையும் கம்மியரையும் யூப்பிரத்தீசு நதி பாயும் தேசத்துக்குக் கொண்டுபோயிற்று. எரேமியா எருசலேமிலிருந்து எழுதினார். எசேக்கியேல் கேபார் நதிக்கரையிலே சிறைப்பட்டோர் நடுவிலிருந்து, உலர்ந்த எலும்புகள் உயிர்பெற்றெழும் தரிசனத்தைக் கூறினார். ஏசாயாவின் நூலிலே நாற்பதாம் அதிகாரம் முதலாக ஒலிக்கும் குரலோ, பாரசீக அரசனாகிய கோரேசு கி.மு. 539-இல் பாபிலோனைக் கைக்கொள்ளும் காலத்தை ஒட்டியது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. மீட்சி அருகிலிருக்கிறது, வனாந்தரத்திலே பாதை சமைக்கப்படும் என்பதே அக்குரலின் சாரம்.

இதே பகுதியிலேதான், மரத்தின் ஒரு பாதியை எரித்துக் குளிர்காய்ந்து மறுபாதியைத் தெய்வமாகச் செதுக்குவோனை எள்ளும் அதிகாரமும் இருக்கிறது. சைவாலயங்கள் சூழ்ந்த நல்லூரிலே வளர்ந்தவர் அந்நூலை எத்தகைய கூர்மையோடு படித்தார் என்பதற்கு 1854-இல் வெளிவந்த அவருடைய சைவ தூஷண பரிகாரம் சான்று. இஸ்ரவேலரின் ஆலயத்திலும் தீபமும் தூபமும் பலியும் அபிஷேகமும் விதிக்கப்பட்டிருந்தமையை விவிலியத்திலிருந்தே எடுத்துக்காட்டிப் பாதிரிமாருக்கு அவர் விடையிறுத்தார். இவ்வாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்திலே அவ்வேதநூல் வாதத்துக்குரிய நூலாயிற்று. ஊரிழந்தோர் துயரை அறிந்து அதனைப் படிக்கும் காலம் பின்னரே வந்தது.

1990-ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை முதலிய வலிகாமம் வடக்குக் கிராமங்களின் மக்கள் போருக்கு அஞ்சி வெளியேற, அவர்தம் ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 1995 ஜூலை 9 அன்று நவாலியிலே தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர்மேல் விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் 30 அன்று, இராணுவம் நகரை நெருங்கி வர, வெளியேறும்படி விடுதலைப் புலிகள் அறிவிக்க, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில், மழையிலே, கைக்குழந்தைகளையும் முதியோரையும் சுமந்துகொண்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியை நோக்கி அடிமேல் அடிவைத்து நகர்ந்தனர். சைக்கிளின் பின்னே கட்டிய மூட்டையிலே எதை ஏற்றுவது, எதை விடுவது என்ற விசாரத்திலே பெரும்பாலோர் விடாது எடுத்துக்கொண்டது ஒன்றுண்டு. அது காணி உறுதி. நனையாதபடி பொலித்தீன் உறையிலே சுற்றி, நகையோடு சேர்த்து இடுப்பிலே செருகிச் சென்ற பெண்கள் பலர்.

எரேமியாவும் இதனையே செய்தார். பகைவர் மதிலுக்கு வெளியே நிற்க, தாம் காவல் முற்றத்திலே அடைபட்டிருக்க, பகைவர் வசமாகிவிட்ட ஆனதோத்து ஊரிலுள்ள நிலமொன்றைத் தம் உறவினனிடமிருந்து பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கி, சாட்சிகள் கையொப்பமிட்ட கிரயபத்திரத்தை, முத்திரையிட்டது ஒன்றும் திறந்தது ஒன்றுமாக, நெடுங்காலம் கெடாதிருக்கும்படி மட்பாண்டத்திலே வைக்கச் செய்தார். அந்தத் தேசத்திலே வீடும் வயலும் மறுபடியும் வாங்கப்படும் என்ற நம்பிக்கையைப் பிரசங்கத்தால் மாத்திரம் உரைக்காமல், பணமும் பத்திரமும் சாட்சியுமாக நிலைநாட்டியதே அவர் தந்த ஆறுதலின் பெருமை. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலையிலே விடுவிக்கப்பட்டபோது, முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் இருபத்தேழு வருஷம் காத்திருந்தோர், வேலியும் கிணறும் தெரியாதபடி பற்றை மண்டிக் கிடந்த நிலத்திலே தம் எல்லையைத் தேடி நின்றதைக் கண்டவர்களுக்கு அந்தப் பழைய பத்திரத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பாபிலோனிலிருந்தோருக்கு எரேமியா எழுதிய நிருபம் மற்றுமோர் உபதேசம் தருகிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்யுங்கள், இருக்கும் நகரத்தின் நலத்தை நாடுங்கள் என்பதே அதன் கருத்து. கோரேசின் அனுமதி கிடைத்தபின்னும் அங்கேயே தங்கிவிட்டோர் அநேகர். தொறொன்றோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வேர்விட்டுவிட்ட யாழ்ப்பாணத்தாரை ஊரை மறந்தோரென்று பழிப்பவர்கள் இந்நிருபத்தைப் படித்தல் நன்று.

எனினும், தம்மவர் படும் துன்பத்தை மாத்திரம் பேசி அத்தீர்க்கதரிசிகள் நிறுத்தினாரல்லர். ஏழையை ஒடுக்கியதையும் அயலான் நிலத்தைக் கவர்ந்ததையும் முதலிலே கடிந்து சொன்ன பரம்பரையே பின்னர் ஆறுதலும் சொல்லிற்று. ஆதலாலேதான் அந்த ஆறுதல் முகஸ்துதியாகத் தாழாமல் இத்தனை நூற்றாண்டு நின்றது. யாழ்ப்பாணமும் அந்தக் கணக்கைப் பார்க்கவேண்டியிருக்கிறது. 1995-இன் பெரும் இடப்பெயர்வுக்குச் சரியாக ஐந்தாண்டு முன்னர், 1990 ஒக்டோபர் 30 அன்று, சோனகதெருவிலும் அயலிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம்கள், விடுதலைப் புலிகளின் கட்டளையால், இரண்டு மணி நேர அவகாசத்திலே, பொருளையும் பறிகொடுத்து வெளியேற்றப்பட்டனர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு துரத்தப்பட்டோர் ஏறத்தாழ 70,000 பேர். அவருட் பெரும்பாலோர் புத்தளத்து முகாம்களிலே ஒரு தலைமுறையைக் கழித்தனர். அன்று அதனைத் தடுக்க இயலாதிருந்தவர்களும், இன்று அதனைச் சொல்லத் தயங்குகிறவர்களும் நம்மிடையே உளர்.

தன் காணி உறுதியை இடுப்பிலே செருகிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்த ஜனத்துக்கு, அயலானுடைய உறுதியின் மதிப்பை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. மயிலிட்டியின் நிலத்தை எவ்வளவு உரத்துக் கேட்கிறோமோ, சோனகதெருவின் வீடுகள் உரியவரைச் சேரவும் அவ்வளவு உரத்துக் கேட்பது நம் கடன். அந்தக் கடனைத் தீர்த்தபின்னரே ஆறுதல் கேட்கும் உரிமை நமக்கு முழுமையாக உண்டாகும்.