பரிசோதனையில் சிக்காத வயிற்று வலி: ஒரு வரலாற்றுப் பார்வை

“எல்லாப் பரிசோதனைகளும் எடுத்தாகிவிட்டன, உங்களுக்கு ஒன்றும் இல்லை.” மாதக்கணக்கில் வயிற்று வலியாலும், மாறி மாறி வரும் கழிச்சலாலும் மலச்சிக்கலாலும் துன்புறுவோர் கேட்கும் சொல் இது. அதன்பின் வீட்டாரும் அந்த வலியை நம்புவதில்லை, மனப்பிரமை என்கின்றனர். ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோயின் வரலாற்றைப் பார்த்தால், இந்த முடிவு எவ்வளவு அவசரமானது என்பது விளங்கும்.

மனத்துக்கும் வயிற்றுக்கும் உள்ள தொடர்பை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இன்றைய தூனிசியாவிலுள்ள கைரவான் நகரில் மருத்துவம் செய்த இஸ்ஹாக் இப்னு இம்ரான், மனச்சோர்வு குறித்துத் தனி நூலே எழுதினார். அந்நோயின் ஒரு வகை மேல்வயிற்றிலிருந்து எழுவதாக அதில் விளக்கினார். 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் என்ற அறிஞர் அதனை இத்தாலியில் லத்தீனுக்குக் கொண்டுசென்றார்.

இத்தொடர்பைக் கண்ணால் காணும் வாய்ப்பு 1822இல் ஒரு விபத்தால் கிட்டியது. அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் குண்டு பாய்ந்தது. காயம் ஆறியும் இரைப்பையில் ஒரு துளை மூடாமல் நின்றுவிட்டது. அதன் வழியே பல்லாண்டுகள் ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் போமாண்ட், கோபம் வரும்போது செரிமானம் குலைவதைக் கண்டு 1833இல் நூலாக வெளியிட்டார்.

ஆயினும், மனம் குடலைப் பாதிக்கும் என்ற இந்த உண்மையே நோயாளிக்கு எதிராகவும் திரும்பியது. குடலில் புண்ணோ கட்டியோ தென்படாவிட்டால், குறை முழுவதும் மனத்தில்தான் என்று பலர் முடிவு கட்டினர்.

அந்த எண்ணத்தை அசைத்தது 1962இல் ஆக்ஸ்போர்டில் வெளிவந்த ஓர் ஆய்வு. சவுத்ரி, ட்ரூலவ் ஆகிய இரு மருத்துவர்கள் 130 நோயாளிகளின் வரலாற்றைப் பொறுமையாகக் கேட்டனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, முன்பு வந்த சீதபேதிக்குப் பின்னரே இத்தொல்லை தொடங்கியிருந்தது.

2000ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் வாக்கர்டன் நகரில் பெருமழை பெய்தது. மாட்டுச் சாணத்திலிருந்த கிருமிகள் குடிநீர்க் கிணற்றில் கலந்தன. 7 பேர் உயிரிழந்தனர்; சுமார் 2,300 பேர் நோயுற்றனர். பின்னர் அம்மக்களைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, அன்று நோயுறாதவர்களில் நூற்றுக்குச் சுமார் 10 பேரிடம் குடல் எரிச்சல் நோய் காணப்பட்டது. மருத்துவப் பதிவுகளால் தொற்று உறுதியானவர்களிடமோ அது சுமார் 36 பேராக இருந்தது. எட்டு ஆண்டுகள் கழிந்தும் சிலரை அது விடவில்லை. கிருமி நீங்கியும் குடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பதே இதன் பொருள்.

1988இல் ரோம் நகரில் கூடிய வல்லுநர்கள், நோயாளி சொல்லும் அறிகுறிகளைக் கொண்டே இந்நோயை அறிவதற்கு விதிகள் வகுக்கத் தொடங்கினர். 2016இல் வந்த நான்காம் பதிப்பு, இதனைக் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான உறவில் நேரும் கோளாறு எனக் குறிக்கிறது.

மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல் போன்றவை இருந்தால் வேறு நோய் உண்டா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அவை இல்லாமல், அறிக்கையும் தெளிவாக வந்துவிட்டால் நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் நம் வீட்டில் ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால், அறிக்கையைக் காட்டி அவர் வாயை அடைத்துவிட வேண்டாம். மருத்துவம் இந்நோயைப் புரிந்துகொள்ளத் தொடங்கியதே, நோயாளியின் சொல்லுக்குச் செவி கொடுத்த பிறகுதான்.