இரு வால்வுகளுக்கு நடுவே: இணைப்பு மின்தேக்கியின் வரலாறு

வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஒரு வால்வின் பிளேட்டில் நூறு, இருநூறு வோல்ட் டி.சி. இருக்கும். அடுத்த வால்வின் கிரிட்டுக்கு அந்த டி.சி. போய்ச் சேரக்கூடாது, ஒலி அலை மட்டும் சேர வேண்டும். இந்தப் பிரிப்பைச் செய்யும் உறுப்பு காலத்துக்கேற்ப மாறிவந்தது.

அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் 1906இல் ஆடியான் வால்வை உருவாக்கினார். 1920களின் வானொலிப் பெட்டிகளில் வால்வின் விலை அதிகம், பெருக்கும் திறன் குறைவு. ஆகவே நிலைகளுக்கு இடையே டிரான்ஸ்ஃபார்மர் வைத்தார்கள். சுற்றுகளின் விகிதம் 1:3 என்றால் வோல்ட்டேஜ் மும்மடங்காகும். ஆனால் அக்காலச் சிறு இரும்பு உள்ளகத்தில் தாழ்ந்த சுருதிகள் தேய்ந்துபோயின.

மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த இணைப்பு மலிவானது, சீரானது. ஜெர்மனியின் லோவே நிறுவனம் 1926இல் வெளியிட்ட 3என்எஃப் குமிழுக்குள் மூன்று ட்ரையோடுகளோடு இந்த மின்தடைகளும் மின்தேக்கிகளும்கூட அடங்கியிருந்தன. அதன் உருவாக்கத்தில் மன்ஃபிரட் ஃபான் ஆர்டென் பங்காற்றினார். இவ்வகை இணைப்பில் கணக்கு எளிது: கிரிட் மின்தடை 5 லட்சம் ஓம் என்றால் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஏறக்குறைய 3 ஹெர்ட்ஸ் வரை தாழ்ந்த அலையையும் கடத்தும்.

தொல்லை கசிவில் இருந்தது. மெழுகூட்டிய காகித மின்தேக்கியில் ஈரம் ஏறினால் டி.சி. ஒழுகும். வெறும் 10 மைக்ரோஆம்பியர் கசிந்தாலும் 5 லட்சம் ஓமில் 5 வோல்ட் எழும். கிரிட்டின் எதிர் வோல்ட்டேஜ் அந்த அளவு குறைய, மின்னோட்டம் ஏறி வால்வு சூடாகும். பழைய ரேடியோவைப் பழுதுபார்ப்பவர்கள் முதலில் இந்த மின்தேக்கியைச் சோதிப்பது இதனால்தான்.

மின்தடைக்குப் பதில் கிரிட் சோக் வைத்தால் இந்தத் தொல்லை தணியும். அதன் கம்பிச் சுருளுக்கு டி.சி. தடை சில ஆயிரம் ஓம்தான். ஒலி அலைக்கோ பெருந்தடை. ஆனால் சோக்கும் மின்தேக்கியும் சேர்ந்தால் ஒத்ததிர்வு பிறக்கும். 100 ஹென்றி சோக்கோடு 0.1 மைக்ரோஃபாரட் சேர்ந்தால் அது 50 ஹெர்ட்ஸில் விழும். அது கேட்கும் எல்லைக்குள் இருப்பதால் அடித்தொனி உப்பும். 1 மைக்ரோஃபாரட் என்றால் 16 ஹெர்ட்ஸ், 10 என்றால் 5 ஹெர்ட்ஸ். பெரிய மின்தேக்கியில் முந்தைய வால்வின் உள்தடையே ஒத்ததிர்வை நன்றாக அடக்கிவிடும்; போதாவிட்டால் சோக்குக்கு இணையாக ஒரு மின்தடை போடுவது வழக்கம்.

பெருக்கும் திறன் மிகுந்த பென்டோடு பரவியதும் சோக்கின் கனமும் விலையும் வீணாயின; மின்தடை இணைப்பே பொதுவழக்காயிற்று. 1950கள் முதல் பாலியஸ்டரும் பின்னர் பாலிப்ரொப்பிலீனும் காகிதத்தின் இடத்தைப் பிடித்தன. கசிவு ஏறக்குறைய மறைந்தது. ட்ரையோடு ஆம்ப்ளிஃபயர்மீது ஆர்வம் மீண்டபோது கிரிட் சோக்கும் திரும்பிவந்தது. மின்தடைக்குப் பொருந்திய 0.1 மைக்ரோஃபாரட்டை அப்படியே சோக்குக்கும் போடுவது பிழை. சோக்கின் ஹென்றி அளவைப் பார்த்து, ஒத்ததிர்வு 20 ஹெர்ட்ஸுக்கு வெகு கீழே விழும்படி மின்தேக்கியைத் தேர்வதே முறை.