கேட்டது 'முன்னுரிமை', தேவைப்பட்டது 'எமர்ஜென்சி'

1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52 விமானம், மோசமான வானிலையால் மொத்தம் 77 நிமிடம் வானத்துலயே வட்டமடிக்க வேண்டியதாயிற்று. துணை விமானி 'முன்னுரிமை' கேட்டார். தரையிறங்கும் முதல் முயற்சி தோற்றது. 'எமர்ஜென்சின்னு சொல்லு' என்று கேப்டன் ஸ்பானிஷில் சொல்கிறார். துணை விமானி ஆங்கிலத்தில் சொன்னதோ, 'எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது' என்பது மட்டும்.

நமக்கு ரெண்டும் ஒண்ணுதான். கட்டுப்பாட்டாளருக்கு அப்படியில்லை, 'எமர்ஜென்சி' என்றால்தான் மற்ற விமானங்களை விலக்கி வழிவிடுவார். அந்தச் சொல் கடைசிவரை அவர் காதுக்குப் போகவே இல்லை.

158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விழுந்த விமானம் தீப்பிடிக்கவில்லை. எரிய எரிபொருளே இல்லை.

மென்பொருள் எழுதுற எனக்கு இது, 'எர்ரர்' என்று போகவேண்டிய செய்தி 'வார்னிங்' என்று போனது போலத்தான் தெரிகிறது. இன்றைய விதியில் குழப்பத்துக்கு இடமில்லை: மூன்று முறை 'மேடே', பிறகு 'ஃப்யூயல்'.