டிராமும் இலகு ரயிலும்: ஒரு சொல்லின் வரலாறு, ஒரு சாலையின் வரலாறு

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ஒன்று எல்ஆர்டி. தமிழ் நாளிதழ்கள் அதனை ‘இலகு ரயில்’ என எழுதுகின்றன. நம் கொள்ளுப்பாட்டனார் காலத்தில் இவ்வூர்த் தெருக்களில் வேறொரு வண்டி ஓடிற்று. அதன் பெயர் டிராம். இரண்டும் நகருக்குள் ஓடுபவை. இரண்டும் பெரும்பாலும் மின்சாரத்தால் இயங்குபவை. இரண்டும் இட்ட பாதையை விட்டு விலகாதவை. அவ்வாறாயின் இரண்டும் ஒன்றுதானா? பழைய வண்டிக்குப் புதிய பெயர் சூட்டப்பட்டதா? அன்றிப் பெயர் மாறியபோது பொருளும் மாறியதா? மாணவர் ஒருவர் இவ்வாறு வினவினால், ஆசிரியர் கூறத்தக்க விடை எது என்பதையே இவ்வுரையில் ஆராய முற்படுகிறோம்.

சொல்லாராய்ச்சி என்று தொடங்கினாலும் இது சொல்லோடு முடிவதன்று. நகரத்தின் சாலை யாருக்கு உரியது, அதனை யார் யாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்னும் வினா இவ்விரு சொற்களுக்கும் இடையே ஒளிந்துள்ளது.

டிராம் என்னும் சொல்

தண்டவாளம் பயணிகளைச் சுமப்பதற்கு நெடுங்காலம் முன்பே சுரங்கங்களில் நிலக்கரியைச் சுமந்தது. அங்கு வழங்கிய சொல்லே டிராம். பிரிட்டனில் இருப்புப் பாதைகள் பல அமைத்த பொறியாளர் பெஞ்சமின் ஊட்ரம் என்பவரின் பெயரிலிருந்து அச்சொல் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்பதற்கு இனிய கதை, ஆயினும் உண்மையன்று. அவர் பிறப்பதற்கு முன்பே அச்சொல் வழக்கில் இருந்தது. இதில் சிங்கப்பூர் வாசகர்க்கு ஒரு சுவையான செய்தி உள்ளது. நம் ஊட்ரம் சாலை, தளபதி சர் ஜேம்ஸ் ஊட்ரமின் பெயரைத் தாங்கியது. அவர் அப்பொறியாளரின் மகனாவார். சொல்லைத் தந்தவராகத் தவறாகக் கருதப்பட்டவரின் குடும்பப் பெயர், இன்று நாம் பெருவிரைவு ரயிலில் ஏறி இறங்கும் நிலையம் ஒன்றில் நிலைத்துவிட்டது. ஒலி ஒத்திருப்பதாலேயே சொல்லின் பிறப்பை முடிவு செய்தல் ஆகாது என்பதற்கு இஃது ஓர் எளிய பாடம்.

சுரங்கத்திலிருந்து தெருவுக்கு வந்தபோது டிராம் ஒரு புதிய இலக்கணத்தைப் பெற்றது. தண்டவாளம் சாலையின் தளத்தோடு சமமாகப் பதிக்கப்பட்டது. அதன்மேல் மாட்டு வண்டியும் செல்லலாம்; மனிதரும் நடக்கலாம்; டிராமும் ஓடலாம். பாதை டிராமுக்கு உரியது. இடம் அனைவர்க்கும் உரியது. இந்தப் பொதுமையே டிராமின் வலிமை. பின்னர் அதன் வீழ்ச்சிக்கும் இதுவே காரணமாயிற்று.

சிங்கப்பூர்த் தெருக்களில்

சிங்கப்பூரில் டிராம் முதன்முதலாக 1886ஆம் ஆண்டு மே மாதம் ஓடியது. அது நீராவியால் இயங்கியது. தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதியை நகரோடு இணைப்பது அதன் முதன்மைப் பணி. ஆனால் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1880இல், ஷாங்காயிலிருந்து ரிக்‌ஷா வந்துவிட்டது. ரிக்‌ஷாவுக்குத் தண்டவாளம் தேவையில்லை; நிறுத்தம் தேவையில்லை; வீட்டு வாயிலிலேயே ஏற்றிச் சென்று, வேண்டிய வாயிலில் இறக்கிவிடும். மனிதத் தசையின் விலை மிக மலிவாக இருந்த காலம் அது. நீராவி இயந்திரம் அந்த மலிவோடு போட்டியிட இயலாமல், 1894இல் தன் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது.

1905ஆம் ஆண்டு ஜூலையில் மின்சார டிராம் தொடங்கிற்று. கேலாங் பக்கமும், சிராங்கூன் சாலை வழியே பாய லேபார் பக்கமும் அது சென்றது. இதற்கென மெக்கன்சி சாலையில் ஒரு மின்நிலையம் எழுந்தது. அங்கு உண்டான மின்சாரத்தின் ஒரு பகுதியை நகராட்சி விலைக்கு வாங்கி, 1906இல் ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் சாலை, போட் கீ ஆகிய இடங்களில் தெருவிளக்கு ஏற்றியது. ஆகவே இந்நகரத்தின் முதல் மின்சாரத் தெருவிளக்குகள் டிராமின் உபயத்தால் எரிந்தவை என்பது மிகையாகாது. போக்குவரத்தின் வரலாறு தனித்து நிற்பதில்லை. விளக்கின் வரலாறும் உழைப்பின் வரலாறும் அதனோடு பின்னிக் கிடக்கின்றன.

இரண்டாம் முயற்சியும் நெடிது நிலைக்கவில்லை. 1920களில் கார்களின் அடிச்சட்டத்தில் பலகை இருக்கைகள் பொருத்தப்பட்ட சிறு பேருந்துகள் பெருகின. மக்கள் அவற்றைக் ‘கொசு பஸ்’ என்றனர். ஒதுங்கவும் முந்தவும் வல்ல அவ்வண்டிகள், இட்ட பாதையில் மட்டுமே செல்லும் டிராமின் பயணிகளைக் கவர்ந்துகொண்டன. தேய்ந்த தண்டவாளங்களைப் புதுப்பிக்கப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. 1926இல், மேற்கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ரப்பர் சக்கரத்தில் ஓடும் டிராலி பஸ் அறிமுகமாயிற்று. 1927 செப்டம்பரில் கடைசி டிராம் ஓடி நின்றது. டிராலி பஸ்ஸும் 1962 டிசம்பரில் விடைபெற்றது.

இவ்வரலாறு சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 1906 முதல் 1936 வரை மின்சார டிராம் ஓடியது. தமிழ் முஸ்லிம் வணிகரின் நினைவைப் பெயரிலேயே தாங்கும் சூலியா தெரு பினாங்கு சாலையோடு சந்திக்கும் இடத்தில், அதன் தண்டவாளத் துண்டு ஒன்றை இன்றும் காணலாம். சென்னையில் 1895 மே மாதம் இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடத் தொடங்கி, 1953 ஏப்ரலில் நின்றது. தமிழ்ப் பேச்சில் ‘டிராம் வண்டி’ என்னும் வழக்கு வேரூன்ற அந்நகரும் ஒரு காரணம் எனலாம்.

எங்கும் காரணம் ஏறத்தாழ ஒன்றே. சாலையில் பிற வண்டிகள் பெருகப் பெருக, அவற்றின் நெரிசலில் டிராமும் சிக்கிற்று. முன்னால் நிற்கும் வண்டியைச் சுற்றிச் செல்லும் உரிமை மற்ற வண்டிகளுக்கு உண்டு, டிராமுக்கு இல்லை. பிரிட்டனில் 1870ஆம் ஆண்டுச் சட்டம், தண்டவாளங்களுக்கு இடையிலும் அவற்றை ஒட்டியும் உள்ள சாலைப் பரப்பைச் செப்பனிடும் கடமையையும் டிராம் நிறுவனங்களின்மீதே சுமத்தியது. தன்னை முந்திச் செல்லும் போட்டியாளருக்குத் தானே சாலையைச் சீர்படுத்திக் கொடுக்கும் நிலை அது.

புதிய பெயரின் பிறப்பு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகின் பல நகரங்கள் டிராமைக் கைவிட்டன. ஜெர்மானிய நகரங்கள் சில வேறு வழியைத் தேர்ந்தன. பழைய டிராமை ஒழிக்காமல், நகர மையத்தில் சுரங்கத்திலும் புறநகரில் தனிப்பாதையிலும் அதனைச் செலுத்தின. இம்மாற்றத்தைக் கண்ட அமெரிக்கக் கூட்டரசின் நகரப் போக்குவரத்து நிர்வாகம், 1972இல் அதற்கென ஆங்கிலத்தில் ஒரு பெயரை ஏற்றது. அதன் தமிழாக்கமே நம் ‘இலகு ரயில்’.

இங்கு ‘இலகு’ என்பது வண்டியின் எடையைக் குறிப்பதன்று. பெருநகரச் சுரங்க ரயிலை நோக்க, இது சுமக்கும் பயணிகளின் தொகை குறைவு, அமைப்பும் எளிது. தமிழில் ‘இலகு’ என்னும் சொல் ‘கனமற்றது’, ‘எளியது’ என்னும் இரு பொருளையும் தாங்குவதால், மொழிபெயர்ப்பு மூலத்தினும் பொருத்தமாக அமைந்தது என்று கருதுகிறோம்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் இரண்டையும் அருகருகே காணலாம். அங்கு விரைவுச்சாலைத் திட்டம் ஒன்றை 1970களில் கைவிட்ட பின், அதற்கென ஒதுக்கிய நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு இலகு ரயில் அமைத்தனர். அது 1986இல் திறக்கப்பட்டது. 2001இல் அதே நகரில் தெரு டிராமும் வந்தது. டிராம் ஒற்றைப் பெட்டி. பிற வண்டிகளோடு ஒரே தடத்தில் செல்வது. சில தெருக்களுக்கு ஒருமுறை நிற்பது. இலகு ரயில் இரு பெட்டிகளை இணைத்து ஓடுவது. தொலைவிலுள்ள புறநகரை நகரோடு இணைப்பது. பெரும்பகுதித் தூரம் தனக்கென ஒதுக்கிய பாதையில் விரைவது. நகர மையத்தில் மட்டும் அது தெருவுக்கு இறங்குகிறது. அங்குத் தெருச்சந்திகளுக்கு இடையிலான நீளம் ஏறத்தாழ 61 மீட்டர் மட்டுமே என்பதால், இரண்டு பெட்டிகளுக்கு மேல் இணைத்தால் நிற்கும் ரயில் குறுக்குத் தெருவை அடைத்துவிடும். பழைய தெருவின் அளவு புதிய ரயிலின் அளவை முடிவு செய்தது.

ஆகவே வேறுபாடு எதில் உள்ளது? வண்டியின் தோற்றத்திலா? மெல்பர்ன் நகரம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. உலகின் மிகப் பெரிய டிராம் கட்டமைப்பு அங்குள்ளது. அதன் முக்கால் பங்கு, பிற வண்டிகளோடு சாலையைப் பகிர்கிறது. 1987இல் செயின்ட் கில்டாவுக்குச் சென்ற பழைய ரயில் பாதையை இலகு ரயில் பாதையாக மாற்றினர். இன்று 96ஆம் எண் டிராம் நகரத் தெருக்களில் ஊர்ந்து சென்று, பின்னர் அப்பழைய ரயில் பாதையில் ஏறி விரைகிறது. வண்டி ஒன்றே, ஓட்டுநர் ஒருவரே, பயணச்சீட்டும் ஒன்றே. தெருவில் அது டிராம். தனிப்பாதையில் அது இலகு ரயில். பெயரை மாற்றுவது வண்டியன்று, அதன் கீழுள்ள நிலத்தின் உரிமை.

நம் இலகு ரயில்

இவ்வளவையில் நம்முடையதை நிறுத்துப் பார்ப்போம். புக்கிட் பாஞ்சாங் பாதை 1999 நவம்பரில் திறக்கப்பட்டது; செங்காங் 2003இலும் பொங்கோல் 2005இலும் தொடர்ந்தன. மூன்றும் தூண்களின்மேல் செல்கின்றன. ஓட்டுநர் இல்லை. சக்கரங்களோ ரப்பர், அவை உருள்வது கான்கிரீட் தளத்தின்மேல், வழி விலகாமல் காக்கத் தனியே ஒரு வழிகாட்டு அமைப்பு உண்டு. ‘ரயில்’ என்னும் சொல் தண்டவாளத்திலிருந்து பிறந்தது. நம் இலகு ரயிலிலோ சக்கரம் தாங்கும் தண்டவாளமே இல்லை! கோலாலம்பூரில் 1998இல் திறக்கப்பட்ட கிளானா ஜெயா பாதையில் எஃகுச் சக்கரமும் எஃகுத் தண்டவாளமும் உண்டு. ஆனால் அது ஓட்டுநரின்றி, தூண்களின்மேலும் நகர மையத்தில் நிலத்தடியிலும் செல்வது. இயல்பில் பெருவிரைவு ரயிலுக்கு நெருங்கிய உறவு. மணிலாவில் 1984இல் தொடங்கியதும் இலகு ரயில் என்றே வழங்கப்பெறினும், முழுவதும் உயரப் பாதையே.

இவற்றைக் கொண்டு பெயர் பிழை என்று தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. சொல் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் செல்லும்போது புதிய பொருளை ஏற்பது மொழியின் இயல்பு. மேலைநாட்டில் டிராமின் வளர்ந்த வடிவத்தைக் குறித்த சொல், இங்குப் பெருவிரைவு ரயிலின் இளைய உடன்பிறப்பைக் குறிக்கலாயிற்று. எனினும் இவ்வேறுபாட்டை அறியாதிருப்பதால் இழப்பு உண்டு. ஒரு நகர மக்களுக்கு ‘இலகு ரயில் வரும்’ என்று சொன்னால், அவர்கள் எதனை எதிர்பார்க்க வேண்டும்? வாஷிங்டனின் எச் தெருவில் 2016இல் திறக்கப்பட்ட டிராம், சாலையைப் பிற வண்டிகளோடு பகிர்ந்தது. தண்டவாளத்தை உரசுமாறு எவரேனும் காரை நிறுத்திவிட்டால், அக்கார் அகற்றப்படும்வரை டிராம் காத்திருக்க வேண்டியிருந்தது. ரிக்‌ஷாக்களுக்கும் கொசு பஸ்களுக்கும் இடையே நம் டிராம் பட்ட பாடு, நூறாண்டுக்குப் பின் வேறொரு நாட்டில் மீண்டும் அரங்கேறியது.

மறுபுறமும் நோக்குவது நேர்மை. தெருவில் ஓடும் டிராமை நோக்கி முதியவர் ஒருவர் நடந்து சென்று ஏறலாம். படிக்கட்டு இல்லை, மின்தூக்கிக்குக் காத்திருத்தல் இல்லை. கடைக்காரரின் முகம் சாளரத்துக்கு நேரே தெரியும். தூண்களின்மேல் அமைத்த பாதை நெரிசலிலிருந்து விடுதலை தருகிறது. அதற்கு விலையாகப் பெரும் கட்டுமானச் செலவையும், தெருவைவிட்டு மேலேறும் உழைப்பையும் கேட்கிறது. நிலம் சுருங்கிய நகரம் ஒன்று உயரத்தைத் தேர்ந்தது வியப்பன்று. ஆயினும் அது ஒரு தேர்வு. காரிடமிருந்து சாலையின் ஒரு தடத்தை மீட்டு டிராமுக்குத் தருவதும் ஒரு தேர்வே. எத்தேர்வும் யாரேனும் ஒருவருக்கு இடம் தந்து, மற்றொருவரிடமிருந்து இடம் பெறுவதாகும்.

ஆகவே வகுப்பறையில் மாணவர் இவ்வினாவை எழுப்பும்போது, வண்டியின் படத்தைக் காட்டி விளக்குவதோடு ஆசிரியர் அமையலாகாது என்று வேண்டுகிறோம். மூன்று சிறு வினாக்களை அவர்கள் கையில் கொடுக்கலாம். இவ்வண்டி செல்லும் நிலத்தை வேறு எவ்வண்டி பயன்படுத்துகிறது? இது எத்தனை தொலைவுக்கு ஒருமுறை நிற்கிறது? இதில் ஏற ஒருவர் எவ்வளவு நடக்கவும் ஏறவும் வேண்டியுள்ளது? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் மாணவர் சிராங்கூன் சாலையில் நின்று பார்க்கட்டும். தரைக்கு மேல் பேருந்தும் காரும் நெருங்கிச் செல்கின்றன. தரைக்குக் கீழே பெருவிரைவு ரயில் விரைகிறது. இரண்டுக்கும் இடையே, நடுச்சாலையில், ஒரு காலத்தில் டிராம் ஓடிய தடம் இருந்தது. அத்தடம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்கத் தெரிந்த மாணவர், டிராம், இலகு ரயில் என்னும் இரு சொற்களின் வேறுபாட்டையும் அறிந்தவராவார்.