ஆண்டுகள் மட்டும் மிஞ்சிய செஞ்சி வரலாறு

இதுவும் வரலாற்றுக் கட்டுரைதான். ஆனால் தேசிங்கு ராஜாவின் குதிரையைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும், இது ஒரு கணினிக் கோப்பின் வரலாறு.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று எங்கள் ஊர். அந்த உற்சாகத்தில் நானும் நண்பனும் செஞ்சிக் கோட்டைக்கு ஒரு சின்ன செயலி செய்ய இறங்கினோம். தகவல்களை ஜேசான் கோப்பாக வைப்பதாகத் திட்டம். தமிழாசிரியராக இருந்த என் தாத்தா 2001-இல் தட்டச்சு செய்த குறிப்புகள் ஒரு குறுந்தகட்டில் இருந்தன. தாத்தா இப்போது இல்லை. வேறு பிரதியும் இல்லை.

பைத்தான் 3-இல் கோப்பை அப்படியே படித்து ஜேசானாக்கச் சொன்னேன். பைட்டுகளை ஜேசானாக்க முடியாது என்று பிழை வந்தது. சரி, யூடிஎஃப்-8 என்று வைத்துக்கொண்டு படி, புரியாததை விட்டுவிடு என்றேன். பிழை போயே போச்சு! திறந்து பார்த்தால் 1677, 1698, 1714, 1761 என்று ஆண்டுகள் நிற்கின்றன, நடுவில் ஏதோ அந்நிய எழுத்துகள். சிவாஜி இல்லை, ராஜாராம் இல்லை, தேசிங்கும் இல்லை. பிழைச்செய்தி வந்தபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

காரணம் 1990களில் இருக்கிறது. கணினி எழுத்துகளை எண்களாகத்தான் சேமிக்கும். எந்த எண் எந்தத் தமிழ் எழுத்து என்பதில் அப்போது ஒற்றுமை இல்லை. யூனிகோடு 1991-லேயே, இந்திய அரசின் இஸ்கி வரிசையைப் பின்பற்றித் தமிழுக்கு இடம் தந்துவிட்டது. ஆனால் விண்டோஸில் அது வேலை செய்ய விண்டோஸ் 2000 வரவேண்டியிருந்தது. அதுவரை பல பத்திரிகைகள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. அதை இறக்கிக்கொள்ளாவிட்டால் திரையில் கோழிக்கிறுக்கல்தான். 1997-இல் சிங்கப்பூரில் இதற்காகவே மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்தன (ஒன்று போதாதாம்!). பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய டிஸ்கி இன்னொரு பக்கம். மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் டிஸ்கியிலும் வந்தன. தாத்தாவின் கோப்பும் டிஸ்கிதான். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல்.

ஜேசானோ யூனிகோடைத் தவிர வேறெதையும் அறியாது. 2006-இல் வந்த அதன் விதிமுறையே அப்படித்தான். டிஸ்கியில் எண், ஆங்கில எழுத்தெல்லாம் 127-க்குள் அடங்கும், தமிழ் அதற்கு மேலே. அதனால்தான் ஆண்டுகள் தப்பின.

பிறகு நானே எண்ணுக்கு எழுத்து என்று ஒரு அட்டவணை போட்டேன். 'ெசஞ்சி' என்று வந்தது! டிஸ்கி கண்ணால் பார்க்கும் வரிசையில் கொம்பை முதலில் வைக்கும். யூனிகோடு உச்சரிக்கும் வரிசையில் 'ச'-வை முதலில் வைக்கும். டிஸ்கியில் 'ஞ்' ஒரே எண், யூனிகோடில் 'ஞ', புள்ளி என்று இரண்டு. கடைசியில் லினக்ஸின் ஐகான்வ் கருவிக்கு டிஸ்கி தெரியும் என்று கண்டுபிடித்தேன். ஒரே கட்டளை, முழுக் கோப்பும் தமிழில் வந்துவிட்டது. ஜேசானில் மட்டும் எல்லா எழுத்தும் சாய்கோடு, யூ, நான்கு இலக்கம் என்று குறியீடாகவே வந்தது. அது பிழையல்ல, பைத்தானின் இயல்பு. ஆஸ்கிக்கு மட்டும் என்ற அமைப்பை அணைத்தால் தமிழாகவே எழுதும்.

படித்தபோதுதான் தெரிந்தது, பீஜப்பூர்க்காரர்கள் இந்தக் கோட்டைக்குப் பாதுஷாபாத் என்றும், மொகலாயர்கள் நுஸ்ரத்கட் என்றும் பெயர் வைத்ததைத் தாத்தா குறித்திருந்தார். எங்கள் ஜேசானில் 'பெயர்' என்ற இடத்தில் ஒரே சொல்தான் இருந்தது. அதைப் பட்டியலாக மாற்றினேன். உடனே நண்பன் எழுதிய செயலி திறக்க மறுக்கிறது. அது இன்னும் ஒரே பெயரைத்தான் எதிர்பார்க்கிறது. நாளை உட்கார வேண்டும்.